மிண்டாமல் ஆடிய பைனல்

எங்கள் கீப்பருக்கு வாய் நீளம். இது நான் சொல்வதல்ல. அவளுடைய அம்மை முதல் சபை பாஸ்டர் வரை எல்லாரும் சொன்னது. பாறசாலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் இறங்குவதற்குள் கண்டக்டரோடு ஒரு சண்டையும் பக்கத்து சீட்டுக்காரியோடு ஒரு சொந்தமும் உண்டாக்கிவிடுவாள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று வீட்டில் அடக்கினார்கள், பள்ளிக்கூடத்தில் அடக்கினார்கள், சபைப் பாடகர் குழுவில்கூட "நீ கொஞ்சம் பையப் பாடு மக்கா" என்று பின்வரிசைக்குத் தள்ளினார்கள். அந்த வாய்க்கு உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மரியாதை கிடைத்தது. அது கோல்போஸ்டுக்கு முன்னால்.

நான் அவளுக்கு முன்னால் நின்ற ஸ்டாப்பர். எதிரணிக்காரி கோலை நோக்கி வரும்போது நடுவில் நின்று மறிப்பது என் சோலி. முன்னால் வருகிறவளைப் பார்க்க எனக்குக் கண் உண்டு. பின்னால் நடப்பதைப் பார்க்க அவளுடைய தொண்டைதான் கண். "இடப்பக்கம் ஒருத்தி வாறா", "ஏறு ஏறு", "அடிச்சு வெளிய விடு", "நீ விடு, எனக்குள்ளது ஆக்கும்" என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பாள். பள்ளி அணியில் ஆடிய காலத்திலிருந்தே இப்படித்தான். அவள் சொன்னால் ஓடுவேன், சொன்னால் நிற்பேன். என் வீட்டில் வேறு யார் சொல்லியும் நான் எதையும் உடனே செய்ததில்லை.

கோச்சை நாங்கள் சாரே என்று கூப்பிடுவோம். ஒரு காலத்தில் இடது விங்கில் ஆடியவர். ஏதோ ஒரு மாநில முகாமிலிருந்து காரணம் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கோபத்தை அவர் யார்மேலும் காட்டியதில்லை, எங்கள்மேல் தவிர. திட்டுவது தமிழில், பாராட்டுவது மலையாளத்தில். 'கொள்ளாம்' என்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து விழுவதற்காக நாங்கள் சபை மைதானத்தை எத்தனை முறை சுற்றியிருப்போம் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். ஏன் சாரே என்று ஒருத்தி கேட்டால் எல்லாருக்கும் இன்னொரு சுற்று. அதனால் ஏன் என்று கேட்கிறவளை நாங்களே அடக்கிவிடுவோம்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கோடைக்காலத்தில் தரை வெடிக்காமலிருக்கத் தானே குழாயைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குத் தண்ணீர் விடுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் ஸ்கூட்டரில் வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, "காய்ச்சல் தலைக்குத்தானே, காலுக்கு என்ன கேடு?" என்பார். இந்தப் பக்கத்தில் கோச் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பெற்றோரும் நினைத்தார்கள். அமரவிளையில் டயர் பஞ்சர் ஒட்டும் என் அப்பா, "சாரு என்ன சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம், பிள்ள நல்லா வந்தா மதி, அது போதும்" என்று கையெழுத்துப் போடாத குறையாக என்னை ஒப்படைத்தவர்.

அந்த வருடம் எனக்கும் கீப்பருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது. கேரள அரசின் ஒரு துறைக்குப் பெண்கள் அணி உண்டு. அதில் எடுத்துவிட்டால் ஆட்டமும் உண்டு, ஓய்வு பெறும்வரை வேலையும் உண்டு. எங்கள் வட்டாரப் போட்டியின் பைனலுக்கு அந்த அணிக்காரர்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். கண்ணில் பட்டவர்களைத் திருவனந்தபுரத்துக்குத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். வயது வரம்பின்படி எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் கடைசி வருடம். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நெய்யாற்றின்கரையில் ஏதாவது ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணம் கட்ட வேண்டும், பெரும்பாலும் இரண்டும். கிடைத்தால் ஒரே அறையில் தங்குவோம் என்று பேசி வைத்திருந்தோம். நீ தூங்கும்போதாவது வாயை மூடுவாயா என்று நான் கேட்டதும், "அது உனக்க பாக்கியம் போல" என்றாள்.

எல்லையோரத்தில் பிறந்ததற்குப் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. இந்தப் பக்கம் போனால் பாண்டி என்பார்கள், அந்தப் பக்கம் போனால் மலையாளத்துக்காரி என்பார்கள். ஆனால் பந்து விளையாட்டில் மட்டும் ஒரு லாபம் உண்டு. திருவனந்தபுரம் பக்கத்து அணிகளோடு ஆடும்போது எங்கள் கீப்பர் தமிழில் கத்துவாள். சினிமா பார்த்துத் தமிழ் தெரிந்த பிள்ளைகள் அவர்களிலும் உண்டு, ஆனால் நாங்கள் பேசும் தமிழ் எந்த சினிமாவிலும் வராது. நாகர்கோவிலுக்கு அப்பாலிருந்து வரும் அணி என்றால் மலையாளத்துக்கு மாறிக்கொள்வாள். எந்தப் பக்கம் ஆள் வருகிறாள், எப்போது எல்லாரும் ஏற வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு மட்டும் புரியும். இதைக் கண்டுபிடித்தது சார்தான். அதில் அவருக்குக் கொஞ்சமல்ல பெருமை.

அந்தப் பெருமை எடுபடாத அணி ஒன்றே ஒன்று. எல்லைக்கு அந்தப்புறம், களியக்காவிளைக்குப் பக்கத்து ஊர்க்காரிகள். அவர்களும் எங்களைப் போல இரண்டு மொழியும் பேசுகிறவர்கள். பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தம். அவர்கள் கோச், எங்கள் சாரின் மனைவிக்குச் சொந்த அண்ணன். கல்யாண வீடுகளில் இரண்டு பேரும் ஒரே பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பந்து பற்றி ஒரு சொல் பேச மாட்டார்கள். பாயசம் வரும்போது ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது போலத் தெரியும். உண்மையில் யார் முதலில் எழுந்திருப்பது என்ற போட்டி அது.

லீக் ஆட்டத்தில் அவர்களிடம் மோசமாகத் தோற்றோம். அன்றைக்குத்தான் சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். எங்கள் கோல்போஸ்டுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் போன், முழு ஆட்டமும் பேச்சு. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. அவளும் குடையோடு நடந்து வந்து மறுபடியும் எங்கள் கீப்பருக்குப் பின்னாலேயே நின்றாள். சாருக்கு அது போதும். திரும்பி வரும் வேனில் முன்சீட்டிலிருந்து எங்களைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"பாத்தியளா? கீப்பர் கத்துகது எல்லாத்தையும் கேட்டு அவ எனக்க மச்சினனுக்குப் போன்ல சொல்லிட்டு நிண்ணா. அதாக்கும் தோத்தோம்."

அவர் மச்சினன் ஆட்டம் முழுக்க எல்லைக்கோட்டில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு குதித்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அந்தக் கையில் போன் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை. சொன்னால் சுற்று.

அதற்குப் பிறகு நாங்கள் தோற்கவே இல்லை. கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்துவிட்டோம். செமி பைனல் நெய்யாற்றின்கரை அகாடமியோடு. அவர்கள் ஐஸ் பெட்டியும் காலை நீவிவிட ஓர் ஆளுமாக வந்து இறங்கினார்கள். தண்ணீர் பாட்டிலில்கூட ஒவ்வொருத்தியின் பெயர் எழுதியிருந்தது. எங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு தம்ளர். ஆட்டம் தொடங்கியதும் கூட்டத்திலிருந்து "பாண்டி, பாண்டி" என்று கூவினார்கள். எங்கள் கீப்பர் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிறகு ஒரு நிமிடம் வாயை மூடவில்லை. அவள் சொல்லச் சொல்ல நாங்கள் நகர்ந்தோம். அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரிகள் திரும்பத் திரும்ப ஆஃப்சைடில் விழுந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கடைசியில் அழுதேவிட்டாள். ஒரு கோலில் ஜெயித்தோம்.

அன்றைக்கு சார் எங்கள் கீப்பரைப் பார்த்துக் "கொள்ளாம்" என்றார். அவள் அதைப் பாறசாலை வரைக்கும் வேனில் நடித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பிறகு பார்க்கவில்லை.

இன்னொரு செமியில் எல்லைக்கு அந்தப்புறத்துக்காரிகள் ஜெயித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாஸ்டர் எங்களுக்காக ஜெபித்தார். அவர்கள் சபையில் அவர்கள் பாஸ்டரும் ஜெபித்திருப்பார். இரண்டும் ஒரே மிஷன் சபை, ஒரே பாட்டுப் புத்தகம். ஆண்டவருக்குத்தான் தர்மசங்கடம்.

ஆராதனை முடிந்து மைதானத்தில் எங்களை வட்டமாக உட்கார வைத்து சார் தம் திட்டத்தைச் சொன்னார். தமிழ் அவர்களுக்குத் தெரியும், மலையாளமும் தெரியும். அதனால் பைனலில் எந்த மொழியும் கிடையாது.

"ஒருத்தியும் மிண்டப்பிடாது. மூச்சு கேக்கப்பிடாது. கண்ணு உண்டு, கை உண்டு, அது மதி."

கீப்பர் சிரித்துவிட்டாள். சார் விளையாட்டாகச் சொல்கிறார் என்றே நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எழுந்து நின்றாள்.

"சாரே, கீப்பர் மிண்டாம நிண்ணா அது இன்னொரு போஸ்டு ஆக்கும். நான் கை காட்டுகது இவளுக்கு எப்படித் தெரியும்? இவளுக்கு முதுகில கண்ணு உண்டா?"

"நம்பிக்கை வேணும்."

"நம்பிக்கை உண்டு சாரே. கண்ணுதான் இல்ல."

சுற்றி நின்ற பெற்றோர்களில் யாரோ சிரித்தார்கள். சிரித்திருக்கக் கூடாது. சாரின் முகம் கறுத்துவிட்டது. "உனக்க வாயால ஒரு களி தோத்தாச்சு. பைனலும் தோக்கணுமா? நீ மிண்டினா அந்த இடத்தில உன்ன மாத்துவேன். வேற கீப்பர் உண்டு" என்றார். வேறு கீப்பர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. பந்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் சார் சொன்னால் செய்வார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாற்றினால் தேர்வுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்க்கப் போவதில்லை.

அவளுடைய அம்மை ஓரத்திலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். "ஒரு நாளெங்கிலும் வாயப் பூட்டிட்டு நில்லு பிள்ளே. சாரு நல்லதுக்குத்தானே சொல்லியாரு."

அவள் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க மிண்டாமல் பயிற்சி செய்தோம். யாராவது மறந்து வாயைத் திறந்தால் எல்லாருக்கும் சுற்று. முதலில் சிரிப்பாக வந்தது, பிறகு பழகிவிட்டது. பயிற்சி பார்க்க வந்த ஆட்கள் இதென்ன அடக்கம், இதென்ன ஒழுக்கம் என்று வியந்தார்கள். பெண்பிள்ளைகள் சத்தம் போடாமல் ஓடுவதைப் பார்த்தால் இந்த ஊரில் யாருக்குத்தான் பிடிக்காது?

பைனல் உதியன்குளங்கரைக்குப் பக்கத்து மைதானத்தில். காலையில் பெய்த மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. தேர்வாளர்கள் தொப்பி போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கில் வர்ணனை செய்தவன் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, இரண்டு அணிகளில் ஒன்று மௌன விரதம் என்று கேலி செய்தான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எதிரணிக்காரிகள் வாய்க்கு வந்தபடி கத்தினார்கள், அவர்கள் கோச் கத்தினார். நாங்கள் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல ஓடிக்கொண்டிருந்தோம்.

வெட்கக்கேடு என்னவென்றால், முதல் பாதியில் அது பலித்தது. அல்லது பலித்தது போலத் தோன்றியது. எதிரணிக்காரிகள் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் மிரண்டார்கள். ஒரு கார்னரில் எங்கள் பிள்ளை ஒருத்தி தலையால் முட்டி கோல் போட்டாள். கோல் போட்டவள்கூடக் கத்தவில்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டு ஓடி வந்தாள். இடைவேளையில் சார் எங்களைப் பார்த்து, "இப்ப மனசிலாச்சா?" என்றார். புரிந்தது என்று எல்லாரும் தலையாட்டினோம். கீப்பரும் ஆட்டினாள்.

இரண்டாம் பாதியில் மைதானத்தின் நடுவிலிருந்து அவர்களுக்கு ஒரு ஃப்ரீகிக். பந்து உயரமாக வந்தது. என் தலைக்கு மேலே போகிறது என்று தெரிந்ததும் நான் திரும்பி, பந்தை மட்டும் பார்த்துக்கொண்டு எங்கள் கோலை நோக்கி ஓடினேன். ஆயிரம் முறை ஓடிய ஓட்டம். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு குரல் வரும். ஒன்று 'அடி' என்று வரும், இல்லாவிட்டால் 'விடு' என்று வரும். குரல் வரவில்லை. வராததால் கீப்பர் வரவில்லை, பந்து எனக்குத்தான் என்று என் கால் முடிவு செய்தது. அவளும் வந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய முழு உடம்பும் என் இடது முட்டின்மேல் வந்து விழுந்தது. என் பாதம் சேற்றில் ஊன்றி நின்றது, முட்டு மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பந்து எங்கள் இரண்டு பேருக்கும் மேலாகத் துள்ளி, யாரும் தொடாமல், பைய உருண்டு கோலுக்குள் போனது. நான் கத்தினேன். அந்த ஆட்டத்தில் எங்கள் அணியிலிருந்து வந்த முதல் சத்தம் அதுதான். கீப்பர் என் பக்கத்தில் மண்டியிட்டுக் கிடந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஓரத்திலிருந்து சார் "எழும்பு, எழும்பு, ஒண்ணும் இல்ல" என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் மிண்ட அனுமதி உண்டு.

பாஸ்டரின் காரில் பின்சீட்டில் படுக்க வைத்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தோற்ற செய்தி அங்கே வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் கீப்பர் இரண்டு நல்ல பந்துகளைப் பறந்து பிடித்தாளாம். தேர்வாளர்கள் அவள் எண்ணைக் கேட்டுக்கொண்டு போனார்களாம். ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் முழுக்க அறுந்துவிட்டது, குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், இனி பந்து வேண்டாம். அவர் நல்ல மனிதர். சொல்லிவிட்டு உடனே எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். என் அப்பா, "வேற வழி உண்டா டாக்டரே?" என்று மூன்று விதமாகக் கேட்டார். டயருக்கென்றால் அவருக்கு ஒரு வழி தெரிந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எதிரணிக் கோச் ஒரு சீப்பு ஏத்தன்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் சாரும் இருந்தார். கீப்பர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் தினமும் வருவாள். அம்மை காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் சார் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, தோற்றாலும் ஒரு காரியம் சாதித்த குரலில் மச்சினனிடம் கேட்டார்.

"பைனலில உங்க ஆளுக்குச் செவியில ஒண்ணும் கிட்டல இல்லா?"

"எந்த ஆளு?"

"அதான், லீக்குல எங்க கோலுக்குப் பின்னால குடை பிடிச்சுட்டு நிண்ணாளே, போனும் கொண்டு."

அவர் யோசித்தார். பிறகு முகம் தெளிந்து சிரித்தார். "ஓ, அவளா! அவ எங்க ஃபார்வர்டுக்க மயினி, அண்ணன் பெண்டாட்டி ஆக்கும். மாப்பிள்ள மஸ்கட்டுல ஆக்கும். தங்கச்சி கோல் அடிக்கியத அவனுக்கு வீடியோல காட்டிட்டு நிண்ணா. கோலு உங்க போஸ்டுல அல்லவா விழும், அதான் அங்க வந்து நிண்ணா. பைனலுக்கு அவ வரவே இல்ல, பிள்ளைக்குக் காய்ச்சல்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்க பிள்ள கத்துகது யாருக்குவே கேக்கும்? நான் கத்துகதே எனக்க பிள்ளையளுக்குக் கேக்க மாட்டேங்குது" என்றும் சொன்னார்.

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்குப் புரிந்தது போல இருந்தது. பிறகு அவர் தம்ளரைக் கீழே வைத்தார். மச்சினன் விடைபெற்றுப் போகும்வரை காத்திருந்து, என் அப்பாவிடம் குனிந்து, "அவன் அப்படித்தான் சொல்லுவான். அது அவனுக்க தந்திரம்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். என் முட்டில் கட்டு இருந்தது, மகளுக்குக் கிடைக்க இருந்த வேலை போயிருந்தது, அப்போதும் அப்பா கோச்சுக்குத் தலையாட்டினார். எனக்கு அவர்கள் இரண்டு பேர்மேலும் வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்கிறார். அவர் முட்டு நன்றாக மடங்குகிறது, சொல்லலாம்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். கால்மாட்டில் கீப்பர் அப்படியே இருந்தாள். பழைய ஆளாக இருந்தால் அந்த வீட்டின் ஓடு பறந்திருக்கும். அவள் எழுந்து காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அடுத்த பருவத்தில் சார் மிண்டாப் பயிற்சியைச் சின்னப் பிள்ளைகளுக்கும் கொண்டுவந்தார். வாரத்தில் ஒரு நாள் அதற்கென்றே. ஒழுக்கம் வளரும் என்று சபையில் நல்ல பேர்.

இதற்கு நடுவில் தேர்வு வந்தது. எனக்கு அழைப்பு இல்லை, கீப்பருக்கு உண்டு. அவள் போக மாட்டேன் என்றாள். நான்தான் திட்டினேன், கெஞ்சினேன், கடைசியில் நானும் கூட வருகிறேன் என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நம்மில் ஒருத்திக்காவது கிடைக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. ஒரே அறையில் தங்காவிட்டால் என்ன, அவள் அந்த அறையில் இருந்தாள் என்றாவது நான் சொல்லிக்கொள்வேன். பஸ்ஸில் கண்டக்டர் எங்களை இறங்க வேண்டிய இடத்தில் இறக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டார். அவள் ஒரு சொல் பேசவில்லை. என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

ஸ்டேடியத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். தேர்வை நடத்தியது ஒரு நடுவயது அம்மா, கழுத்தில் விசில், குரலில் எரிச்சல் இல்லை. முதலில் நேரடியாக அடிக்கிற பந்துகள். எங்கள் கீப்பர் எல்லாவற்றையும் எடுத்தாள். கீழே விழுந்து எடுத்தாள், விரல் நுனியால் தட்டிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டார்கள். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு தற்காப்பு ஆட்டக்காரிகளை நிறுத்தி, உயரமான பந்துகளைப் போட்டார்கள். முதல் பந்து வந்தது. முன்னால் நின்ற பிள்ளை, எங்கோ வடக்கே இருந்து வந்தவள், திரும்பிப் பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்தாள். எங்கள் கீப்பர் நான்கு அடி வெளியே வந்தாள். நின்றாள்.

"கீப்பர், விளிக்கூ!" என்று குரல் கொடுக்கச் சொன்னார் அந்த அம்மா.

அவள் இரண்டு கையையும் உடம்போடு சேர்த்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். பந்து விழுந்து உள்ளே போனது. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தனக்கு ஒருத்தி வழிவிட்டாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

இன்னொரு பந்து, அதே போல. இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அந்த அம்மா, "விளிச்சு எடுக்கு மோளே, உறக்க விளிக்கூ" என்று சத்தமாகக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் இவள் சரியாக வந்தாள், சரியான இடத்தில் நின்றாள், ஒதுங்கினாள். எனக்குப் படிக்கட்டிலிருந்து கத்த வேண்டும் போலிருந்தது. அங்கே கத்தக் கூடாது, காவல்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

கடைசியில் அந்த அம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்துப் பேசினார். கையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பாக்ஸில் குரல் இல்லாத கீப்பரை நம்பி யாரும் முன்னால் நிற்க மாட்டார்கள் என்றாராம். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் என் கால் நீட்ட வசதியாக அவள் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். பாலராமபுரம் கடந்தது, நெய்யாற்றின்கரை கடந்தது. நான் அவளைத் திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். அமரவிளைப் பாலம் ஏறும்போது என்னால் முடியவில்லை.

"ஏட்டி, என்னத்துக்கு நீ விளிக்காம நிண்ண? ஒரு தடவ விளிச்சிருந்தா மதியாயிருந்து."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் எந்தப் பாசாங்கும் இல்லை. நான் ஏதோ தெரிந்த விஷயத்தையே கேட்டுவிட்டது போல, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"விளிச்சேனே. ஒவ்வொரு பந்துக்கும் விளிச்சேன் இல்லா. உனக்குக் கேக்கலியா?"

பஸ் பாலத்தைக் கடந்து இறங்கியது. எங்கள் ஸ்டாப் வரைக்கும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுது மக்கா" என்றேன்.